ஒக்காசானின் ஆறு பாய் அறை: எங்கள் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன். ஆகஸ்ட்டில் ஜப்பானிலிருந்து வரும் பன்னிரண்டு மாணவர்களையும் எட்டு இரவும் உப்புவெளியில் ஒரு விடுதியில் தங்க வைப்பது என்று முடிவானபோது நான் கை தூக்கவில்லை. எதிர்த்தும் பேசவில்லை. எழுந்திருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

"எங்கட வீடுகள் சின்னன், அந்தப் பிள்ளையளுக்கு வசதி காணாது" என்று அன்று ஐந்தாறு பேர் சொன்னீர்கள். யாரும் மனமில்லாமல் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். வருகிற பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான் அது. ஆனால் பதினாறு வயதில் நான் பத்து மாதம் இருந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள். அதற்குப் பிறகும் விடுதிதான் நல்லது என்று தோன்றினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

2011 டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, 2012 மார்ச் கடைசியில் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் ஜப்பானுக்குப் போனேன். ஊர் ஹச்சினோஹே. ஹொன்ஷு தீவின் வட கோடியில், அவோமொரி மாகாணத்தில், பசிபிக் கரையில் இருக்கிற துறைமுக ஊர். கணவாய்க்குப் பேர்போனது. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம் போக வேண்டும். ரயிலால் இறங்கியதும் மீன் வாசமும் குளிரும் ஒன்றாக முகத்தில் அடித்தன. திருக்கடலூரில் பிறந்தவளுக்கு அதில் பாதி பழகின வாசம். அந்தக் குளிர்தான் புதிது.

என்னைக் கூட்டிப்போக வந்தவருக்கு அப்போது அறுபத்துநாலு வயது. கணவர் இறந்துவிட்டார், மகள் கலியாணம் முடித்து வேறு ஊரில். மீன் பதனிடும் இடத்தில் அரைநாள் வேலை. 'ஒக்காசான்' என்றால் அம்மா. முதல் நாளே அப்படிக் கூப்பிடச் சொன்னார். எனக்கு நாக்கு வரவில்லை. அம்மா என்ற சொல்லை இன்னொருவருக்குக் கொடுப்பது திருகோணமலையில் இருக்கிற என் அம்மாவுக்குச் செய்யும் துரோகம் மாதிரி இருந்தது. ஒரு மாதம் கூப்பிடவே இல்லை. அவர் ஒரு நாளும் கேட்கவும் இல்லை.

வீடு சின்னது. ஒரு குசினி, ஒரு முன் அறை, தத்தாமிப் பாய் ஆறு விரித்த ஒரு படுக்கையறை. அந்த ஆறு பாய் அறையை எனக்குத் தந்தார்கள். மகளின் அறையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் ஒரு இரவு தண்ணீர் குடிக்க எழும்பினால், முன் அறையில், கொத்தாட்சு மேசைக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒக்காசான் படுத்திருக்கிறார். கொத்தாட்சு என்பது கீழே சூடாக்கி வைத்து மேலே தடித்த போர்வை போட்ட தாழ்ந்த மேசை, குளிர்காலத்தில் வீடே அதைச் சுற்றித்தான் இருக்கும். எனக்குத் தந்தது அவருடைய சொந்த அறை. ஒவ்வொரு நாளும் நான் எழும்புவதற்கு முன் தன் படுக்கையைச் சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிடுவார், அதனால் எனக்குத் தெரியாமலே போய்விட்டது. விடிய நாலரைக்கு எழும்பி என் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு இதற்குக் காசு கிடைக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். திரும்பி வருகிற மாதத்தில்தான், எங்கள் திட்டத்தில் பிள்ளைகளை வைத்திருக்கிற வீட்டார் யாருக்கும் ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அரைநாள் சம்பளத்தில் பத்து மாதம் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறார். அதைக் கேட்ட இரவு அந்த ஆறு பாய் அறையில் எனக்கு நித்திரை வரவில்லை.

கூட்டத்தில் சாப்பாட்டைப் பற்றியும் கவலைப்பட்டீர்கள். வெள்ளிக்கிழமையில் நாங்கள் மச்சம் சாப்பிடுவதில்லை என்று முதல் கிழமையே எழுதிக் காட்டியிருந்தேன். அவரும் கவனமாக வெள்ளிக்கிழமைகளில் சோறு, மரக்கறி, தோபு, மிசோ சூப் என்றுதான் தந்தார். மூன்றாவது வெள்ளிக்கிழமை குசினியில் உதவிக்கு நின்றபோதுதான் சூப்புக்குப் போடும் பைக்கற்றில் மீன் படத்தைக் கண்டேன். சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை மாதிரிக் காயவைத்துச் சீவுவார்கள். அதைக் கொதிக்க வைத்து எடுக்கிற சாறுதான் அவர்களுடைய எல்லாச் சமையலுக்கும் அடி. நம்முடைய மாசிக் கருவாடு மாதிரியே. மணந்து பார்த்தால் அதேதான். முதல் இரண்டு வெள்ளியும் அதைத்தான் குடித்திருக்கிறேன்.

குறை சொல்லவேண்டும் என்று கேட்கவில்லை, அகராதியை வைத்துக்கொண்டு "இது மீனா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பைக்கற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே தரையில் முழங்காலில் இருந்துவிட்டார். அவர்களுக்கு அந்தச் சாறு தண்ணீர் மாதிரி, அது மீன் என்ற நினைப்பே வருவதில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அறுபத்துநாலு வயது மனுசி, பதினாறு வயதுப் பிள்ளையிடம். நானும் தரையில் இருந்து அழுதேன்.

அடுத்த வியாழன் இரவு ஒரு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் உள்ளங்கை அகலக் கடற்பாசித் துண்டு ஒன்றையும் காய்ந்த ஷீட்டாக்கே காளான் மூன்றையும் போட்டு வைத்தார். கொம்பு என்பார்கள் அந்தப் பாசியை. விடியும்போது தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருந்தது. அதுதான் வெள்ளிக்கிழமைச் சூப்புக்கு. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கலண்டரில் அடுத்த ஜனவரி வரைக்கும் எல்லா வெள்ளிக்கிழமைக்கும் பச்சை மையால் வட்டம் போட்டிருந்தார். ஒரு வியாழன்கூட அவருக்கு அந்தப் போத்தல் மறக்கவில்லை.

விடுதிச் சமையல்காரரும் சைவம் சமைப்பார், சரி. ஆனால் அவர் கலண்டரில் வட்டம் போடமாட்டார்.

அந்த வாரந்தான் முதல் முறையாக "ஒக்காசான்" என்று கூப்பிட்டேன். அவர் சட்டென்று திரும்பவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

மொழி ஒரு பெரிய தடையாக இருக்கும் என்றும் பேசினீர்கள். அதில் உண்மை இருக்கிறது, முதல் இரண்டு மாதம் எனக்குத் தலையிடிதான். ஆனால் ஒன்று கவனித்தேன். காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது அவர்கள் சொல்கிற சொல் 'இத்தெகிமாஸ்'. அதைப் பிரித்துப் பார்த்தால் 'போய் வருகிறேன்' என்றுதான் அர்த்தம். நம் வீட்டில் "போறன்" என்று சொன்னால் அம்மம்மா விடமாட்டா, "போயிட்டு வாறன் எண்டு சொல்லு" என்பா. அதே சொல், அதே இடத்தில். பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று நம் பேராசிரியர் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோருடன் சேர்ந்து பல வருடம் ஆராய்ந்தார். மொழியியலாளர்கள் பலர் அந்த முடிவை ஏற்கவில்லை. அந்த விவாதம் எனக்குத் தெரியாத துறை. அந்த வாசலில் நின்று தினமும் "போயிட்டு வாறன்" என்று சொன்னது மட்டும் எனக்குத் தெரியும். மாலையில் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து "ஒக்காயெரி" என்று குரல் வரும். வந்திட்டியா என்று கேட்பது போல.

இனி நான் எழுதத் தயங்குகிற இடம்.

2012 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி பதினெட்டு நிமிடம். வெளியே நல்ல இருட்டு. அடுப்பில் அந்தச் சைவச் சூப். முதலில் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம், பிறகு வீடு முழுவதும் ஆடத் தொடங்கியது. சன்ரிகு கரைக்கு அப்பால் கடலில் 7.3 அளவில் நிலநடுக்கம். ஒக்காசான் ஒரு கையால் அடுப்பை அணைத்தார், மறு கையால் என்னை மேசைக்குக் கீழே தள்ளினார். பிறகு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து அதற்குள் ஒரு செருப்பைச் செருகினார், சட்டம் கோணினால் கதவு இறுகிவிடும் என்று. எல்லாம் சில வினாடிக்குள். ஆட்டம் நிற்பதற்குள் கடற்கரையை விட்டு விலகும்படி அறிவிப்பு. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு இரண்டு வருடம்கூட ஆகாத ஊர் அது. பையை எடுத்துக்கொண்டு மேட்டில் இருந்த பாடசாலைக்கு ஏறினோம்.

எனக்கு வாய் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் எனக்கு ஒன்பது வயது. திருக்கடலூரில் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியதும், வள்ளத்தைப் பார்க்கப் போன சித்தப்பா திரும்பி வராததும் நான் யாருக்கும் சொல்லாத கதை. அந்த இரவு, விளையாட்டு மண்டபத் தரையில் இருந்து, உடைந்த ஜப்பானிய மொழியில் ஒக்காசானுக்குச் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைத் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய பெருவிரல் மட்டும் என் கைக்கு மேல் அசைந்துகொண்டே இருந்தது. அறிவிப்பை அன்றிரவே நீக்கினார்கள், வீட்டுக்கு வந்தோம், ஆறிப்போன சூப்பைச் சூடாக்கித் தந்தார்.

அவர் வீட்டில் கணவருக்கு ஒரு சின்னப் பூசை மாடம் இருந்தது. தினமும் சோறு வெந்ததும் யாரும் சாப்பிடுவதற்கு முன் ஒரு சிறு கிண்ணத்தில் அங்கே வைப்பார், நாங்கள் காகத்துக்கு வைப்பது போல. டிசம்பர் 26 காலை நான் எழும்பி வந்தபோது அந்த மாடத்தில் இரண்டு கிண்ணம் இருந்தது. இரண்டாவதைக் காட்டி "ஒஜிசானுக்கு" என்றார். ஒஜிசான் என்றால் மாமா, சித்தப்பா. நான் அந்த நாளை அவருக்குச் சொன்னது ஒரே ஒரு முறைதான்.

சங்கத்தாரே, ஒரு பிள்ளைக்கு வெளிநாட்டில் இது எங்கே கிடைக்கும்? கடற்கரை அறையிலும் நீச்சல் தடாகத்திலும் கிடைக்காது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

நம் வீடு அவர்களுக்குச் சரிவருமா என்ற கேள்விக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 2016 ஆகஸ்ட்டில் ஒக்காசான் இங்கே வந்தார். அதே ஆகஸ்ட் வெயில். கோட்டையிலிருந்து இரவு தபால் ரயிலில் ஏறி, விடியக் காலை திருகோணமலைப் புகையிரத நிலையத்தில் இறங்கினார். அப்பா விடுதி ஒன்றில் அறை பேசி வைத்திருந்தார். அவர் வேண்டாம் என்று விட்டார். பதினொரு இரவும் எங்கள் வீட்டு நடு அறையில், நுளம்பு வலைக்குள், ஒரு மேசை மின்விசிறிக் காற்றில் படுத்தார். கிணற்றடியில் குளித்தார். இடியப்பமும் சொதியும் மூன்று நேரமும் கொடுத்தாலும் சாப்பிட்டிருப்பார். அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து தேங்காய் துருவினார்கள்.

எங்கள் வீட்டில் பெரிய தடையாக இருந்தது வசதியில்லை, அம்மம்மா. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவவுக்குப் பத்து வயது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் விழுந்த தீ பல நாள் எரிந்தது என்றும், சனம் சட்டி பானையோடு காட்டுப் பக்கம் ஓடியது என்றும் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவ. நான் 2012இல் போகும்போது மூன்று நாள் அப்பாவோடு கதைக்கவில்லை. "குண்டு போட்டவனிட்டப் பிள்ளையை அனுப்புறியோ" என்று கேட்டவ.

ஒக்காசானுக்கு அது தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். வந்த மறுநாளே நிலாவெளி வீதியில் இருக்கிற போர்க் கல்லறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வரிசை வரிசையாக இருக்கிற அந்த வெள்ளைக் கற்களுக்கு நடுவில் தொப்பியைக் கழற்றி வெயிலில் கனநேரம் நின்றார். 1942இல் அவர் பிறந்திருக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மம்மாவுக்கு முன்னால் தரையில் முழங்காலில் இருந்தார், அன்றைக்கு மீன் பைக்கற்றுக்காக இருந்த மாதிரியே. அம்மம்மாவுக்கு எண்பத்துநாலு வயது, பார்வை மங்கல். கையால் தடவி அவருடைய முகத்தைப் பிடித்து, "எழும்பு பிள்ளை, தேத்தண்ணி குடி" என்றா. மொழிபெயர்க்க நான் வாய் திறக்கவில்லை. அவர் எழும்பித் தேத்தண்ணீர் குடித்தார்.

கோணேசர் மலைக்கும் போனோம். அங்கே அவருக்குத் தன் ஊரின் கபுஷிமா நினைவு வந்தது. அதுவும் கடலை எட்டிப் பார்க்கிற குன்றில் ஒரு கோயில், இங்கே மான்கள் மாதிரி அங்கே ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் கூடு கட்டும். 2011 சுனாமிக்குத் தப்பின அந்தக் கோயில் 2015 நவம்பரில் தீயில் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. 1622இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலில்தான் நாங்கள் நிற்கிறோம் என்று அப்பா சொன்னார். "அப்ப திரும்பக் கட்டலாம்" என்றார் ஒக்காசான். கபுஷிமாவையும் பிறகு கட்டி முடித்தார்கள், படம் அனுப்பினார்.

கன்னியாவில்தான் அவரைப் பிடிக்க முடியவில்லை. வெந்நீர் என்றால் அவர்களுக்கு உயிர். ஏழு கிணற்றிலும் ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றி, எதில் சூடு கூட என்று எனக்கே சொல்லித் தந்தார். இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்வதற்காக உண்டான ஊற்று என்று கதையைச் சொன்னேன். "தாய்க்காகவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

உங்கள் அச்சங்களில் ஒன்றை மட்டும் நான் முழுதாக ஒத்துக்கொள்கிறேன்: பிள்ளைகளின் பாதுகாப்பு. அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. என் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் முதலே வீட்டை வந்து பார்த்தார். பிறகு மாதம் ஒருமுறை என்னை மட்டும் தனியே வெளியே கூட்டிப்போய், வீட்டில் எப்படி என்று கேட்பார். ஒக்காசான் எவ்வளவு நல்லவர் என்று தெரிந்த பிறகும் கேட்டார். நாமும் அப்படிச் செய்யலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், உள்ளிருந்து பூட்டக்கூடிய அறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு ஆசிரியை தனியே கதைப்பது, இரவு எந்த நேரமும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண். ஒவ்வாத சாப்பாடு என்ன என்று முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். கொதித்தாறிய தண்ணீரும் நுளம்பு வலையும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆறு வீடு கிடைத்தால் போதும், நான் கேட்பது அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் இரவு ரயிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். 2013இல் ஹச்சினோஹே நிலையத்தில் என்னை வழியனுப்பும்போது அவர் சயோனாரா என்று சொல்லவில்லை, காலையில் பாடசாலைக்கு அனுப்புகிற மாதிரி 'இத்தெராஷாய்' என்றுதான் சொன்னார், போய் வா என்று. இந்த முறை ரயில் பெட்டி வாசலில் நின்று, அம்மாவிடம் பழகிய தமிழில், என் அம்மம்மா கேட்டால் திருத்தத் தேவையில்லாத மாதிரிச் சொன்னார்: "போயிட்டு வாறன்."

இந்த மாசி மாதம் அவர் இறந்துவிட்டார். மகள் தகவல் அனுப்பினா. கலண்டரில் வெள்ளிக்கிழமைகளுக்குப் பச்சை வட்டம் போடுவதைக் கடைசி வரைக்கும் விடவில்லை என்று எழுதியிருந்தா, ஏன் என்று அவவுக்கு விளங்கவில்லையாம். முப்பத்தோராம் நாள் அம்மாவும் நானும் கன்னியாவுக்குப் போனோம். ஐயரைக் கூப்பிடவில்லை, முறைப்படி எனக்கு உரிமையும் இல்லை. ஏழு கிணற்றிலும் ஒவ்வொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றினேன். அம்மா பக்கத்தில் நின்று ஒரு சிறு கிண்ணத்தில் சோறு வைத்தா.

முடிவை மாற்றும்படி உங்களைக் கேட்கிறேன். இரண்டு பிள்ளைகளை நான் ஏற்கிறேன், பெண் பிள்ளைகள் என்றால் நல்லது. நானும் அம்மாவும் முன் அறையில் படுத்துக்கொள்வோம். மற்ற ஐந்து வீட்டையும் தேடித் தர அடுத்த இரண்டு சனி ஞாயிறும் உங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கத் தயார். எங்கள் வீட்டை முதலில் பார்க்க விரும்பினால் எந்த மாலையும் வாருங்கள். வெள்ளிக்கிழமை வருவதானால் சாப்பாடு சைவம்தான்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி,
திருக்கடலூர், திருகோணமலை